கடல் வாசலும் கொற்கையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாசியில் மெக்சிகோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் காம்பெச்சே என்ற துறைமுக ஊருக்கு அழைத்துப் போனார். 1540இல் ஸ்பானியர் அமைத்த ஊர். கடற்கொள்ளையர் தொல்லை தாங்காமல் 1686இல் மதில் கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். அதில் ஒரு வாசலுக்குக் ‘கடல் வாசல்’ என்று பெயர். வெளியே எட்டிப் பார்த்தால் கடலைக் காணோம், ரோடும் கட்டடமும்தான்! பிற்காலத்தில் கடலைத் தூர்த்து நிலமாக்கிவிட்டார்களாம். எனக்கு உடனே, கடல் விலகிப்போன நம்ம கொற்கை நினைவு வந்துவிட்டது.

மதியச் சாப்பாடு, சோள ரொட்டிகளுக்கு நடுவே உதிர்த்த சுறா, மேலே தக்காளிச் சாறு. சுறாப்புட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் எட்ஸ்னா என்ற பழைய ஊர். 31 மீட்டர் உயரத்தில், அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான மாயர்களின் ஐந்தடுக்குக் கட்டடம். பக்கத்தில் ஆறு கிடையாது. கால்வாய் வெட்டி மழைநீரைத் தேக்கியே ஊர் பிழைத்திருக்கிறது. பலகைகளில் ஸ்பானிஷ், ஆங்கிலத்தோடு மாயா மொழியும் இருந்தது. அந்தப் பக்கம் இன்றும் வீடுகளில் பேசுகிற மொழி.

நான் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். ‘பாண்டியரின் முத்துத் துறைமுகம் ______’ என்று கோடிட்ட இடம் கொடுத்து வருஷா வருஷம் மார்க் போட்டிருக்கிறேன். ஒருமுறைகூடப் பிள்ளைகளைக் கொற்கைக்குக் கூட்டிப்போனதில்லை. திருச்செந்தூர் டூர் பஸ், முதுமக்கள் தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூரைத் தாண்டித்தான் போகும். அங்கேயும் நிறுத்தச் சொன்னதில்லை.

ஆடியில் லீவுக்கு வந்த பேரனை ஏரல் வழியாகக் கொற்கைக்குக் கூட்டிப்போனேன். வன்னி மரத்தடியில் நின்று, “ஆச்சி, கடல் எங்கே?” என்றான். தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி, கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போன கதையைக் குச்சியால் மண்ணில் கீறிக் காட்டினேன். அந்தப் படத்தை நல்ல தமிழில் விளக்கம் எழுதி, பெரிய பலகையாகக் கொற்கைக் குளக்கரையில் வைக்கலாமே?

ஆதிச்சநல்லூரில் இப்போது கண்ணாடித் தளத்தின் மேல் நின்று, கீழே தாழிகளைப் பார்க்கலாம். அப்படிப் பார்க்க வருகிறவர்கள் கொற்கைக்கும் போய்வர, நெல்லையிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு பஸ் விட வேண்டும். மகளிர் இலவச பஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கவில்லை, டிக்கெட் எடுத்துக்கொள்கிறோம்.

ஓய்வு பெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை.