செயலாளரின் ஆண்டறிக்கை: கதிர்ச்சிகிச்சைக்கான காத்திருப்பும் எமது கோரிக்கைகளும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிருவாக சபையினரே, அங்கத்தவர்களே,

திருகோணமலையில் இயங்கும் எமது புற்றுநோயாளர் நலன்புரிச் சங்கத்தின் கடந்த ஆண்டு அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். மாதாந்தக் கூட்டங்களும் பெப்ரவரி 4ஆம் திகதி உலகப் புற்றுநோய் தின நிகழ்வும் வழமைபோல் நடைபெற்றன. நிதி விபரங்களைப் பொருளாளர் தருவார்.

இவ்வாண்டு எமது கவனம் பெரிதும் கதிர்ச்சிகிச்சைக்கான காத்திருப்பிலேயே இருந்தது. கொழும்புக்கு அருகிலுள்ள மகரகமை புற்றுநோய் வைத்தியசாலையையே நாடு பெரிதும் நம்பியிருந்த நிலையை மாற்றி, தெல்லிப்பழை, மட்டக்களப்பு, அனுராதபுரம் ஆகிய இடங்களிலும் இச்சிகிச்சையை ஏற்படுத்தியமைக்காக அரசை மனமாரப் பாராட்டுகிறோம். 2011இல் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையிலுள்ள பருத்தித்துறை வரை நடந்து தெல்லிப்பழை வைத்தியசாலைக்கு நிதி திரட்டியவர்களையும் நன்றியுடன் நினைவுகூருகிறோம்.

ஆயினும், இயந்திரம் வந்துவிட்டால் காத்திருப்பு தீர்ந்துவிடும் என்று கொள்வதற்கில்லை. கதிர்ச்சிகிச்சை அளிக்கும் இயந்திரமான லினியர் அக்சிலரேட்டர் தடித்த கொங்கிறீற் அறைக்குள், சீரான மின்சாரத்துடனும் குளிரூட்டலுடனும் இயங்கவேண்டியது; கதிரின் அளவைக் கணித்துச் சரிபார்க்க மருத்துவ பௌதிகவியலாளர் இன்றியமையாதவர். 2022இன் பொருளாதார நெருக்கடியில் உதிரிப்பாகங்களை இறக்குமதி செய்ய வேண்டிய அந்நியச் செலாவணி இல்லாமற்போனதையும், வைத்தியர்களும் தொழினுட்பவியலாளர்களும் நாட்டைவிட்டுப் போனதையும் கண்ட பின்னர், பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் ஆளணிக்கும் கொள்வனவின்போதே பணம் ஒதுக்கப்படவேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

தாமதத்தின் விலை பெரிது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கான கதிர்ச்சிகிச்சை நான்கு வாரம் பிந்தினால் இறப்பு அபாயம் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுவதாகப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் 2020இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. வெற்றிலையும் புகையிலையும் வழக்கத்திலுள்ள எமது நாட்டில் ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் மிகுதியாக இருப்பதால் இது எம்மைக் கூடுதலாகப் பாதிக்கிறது.

மார்புப் புற்றுநோயில், பொருத்தமானவர்களுக்கு ஐந்து வாரச் சிகிச்சைக்குப் பதிலாக 15 தடவைகளில் மூன்று வாரத்துக்குள் முடிக்கும் முறை பிரித்தானிய ஆய்வுகளில் பாதுகாப்பானதென நிறுவப்பட்டுள்ளது. இம்முறை பரவலானால் புது இயந்திரம் இன்றியே வரிசை குறையும்.

மூதூரிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் ஒரு தாய், கதிர் படவேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் மையால் இடப்பட்ட அடையாளம் வியர்வையில் அழிந்துவிடக்கூடாதென்று பஸ்ஸில் சேலைத் தலைப்பை விலக்கிப் பிடித்தபடியே இருந்ததை எமது அங்கத்தவர் ஒருவர் கண்டார். சிகிச்சை வாரத்தில் ஐந்து நாள் என்பதால், தூரத்து நோயாளருக்கு வைத்தியசாலையின் அருகிலேயே தங்குமிடம் வேண்டும். இதனையும் பராமரிப்பு நிதியையும் முன்வைத்துச் சுகாதார அமைச்சுக்கும் மாகாணத் திணைக்களத்துக்கும் கடிதம் அனுப்பியுள்ளோம். பதில் கிடைக்கும்வரை தொடர்ந்து வலியுறுத்த இச்சபையின் அனுமதியைக் கோருகிறேன்.

செயலாளர்