எந்த எஃகைவிட 200 மடங்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு அறிவியல் பக்கத்தில், ‘எஃகைவிட 200 மடங்கு வலிமையான கிராஃபீன்: இனி இரும்புக்கு ஓய்வு’ என்று எட்டுப் பத்தி அகலத்துக்குத் தலைப்புப் போட்டிருந்தீர்கள். கிராஃபீன் என்பது ஓர் அணு கனமே உள்ள கார்பன் ஏடு. அம்பத்தூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் 31 வருடம் கம்பியை இழுத்து அறுத்தே சம்பளம் வாங்கியவன் நான். யுடிஎம் என்கிற இழுவைச் சோதனை மெஷினில் கம்பியைக் கவ்வக் கொடுத்து இழுத்தால், அறுகிற இடம் முதலில் இடுப்பு மாதிரி ஒடுங்கும். அப்புறம் டமார் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்திலேயே சரக்கு எப்படி என்று பாதி சொல்லிவிடுவேன்.

அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்: எந்த எஃகைவிட 200 மடங்கு? வீடு கட்டுகிற எஃப்இ 500 கம்பி என்றால் 200க்கு மேலேயே வரும். அதைவிடப் பல மடங்கு வலிமையான பியானோ கம்பி என்றால் அறுபது, எழுபதுக்குள் சுருங்கிவிடும். எஃகில் எத்தனை ரகம் என்று தங்களுக்குத் தெரியாததா!

கிராஃபீன் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. மான்செஸ்டரில் கைம், நோவோசெலோவ் என்ற இரண்டு விஞ்ஞானிகள், பென்சிலில் இருக்கிற கிராஃபைட்டைச் செலோடேப்பில் ஒட்டி உரித்து உரித்தே ஓர் அணு கனத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2004இல் அறிவித்தார்கள், 2010இல் நோபல் வாங்கினார்கள். கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் நீங்கள் போட்ட வலிமைக் கணக்கு, 2008இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எடுத்தது. ஒன்று, ஒன்றரை மைக்ரான் அகலத் துளைமேல் விரித்த ஏட்டை வைர ஊசியால் அழுத்தி அளந்தார்கள். தலைமுடி அந்தத் துளையைவிட ஐம்பது மடங்கு தடிமன். இதை உங்கள் கட்டுரையில் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

இதற்கெல்லாமா ஒரு கடிதம் என்பீர்கள். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் குடியிருப்புக்கு ஒருவர் ‘கிராஃபீன் நானோ கோட்டிங்’ விற்க வந்தார். பையிலிருந்து லேமினேட் செய்த ஒரு துண்டை எடுத்து நீட்டினார். பார்த்தால் உங்கள் பத்திரிகை! கடல் பக்கத்தில் நானூறு மீட்டரில் இருக்கிறோம், கிரில்களைக் கழற்றிக் கால்வனைஸ் செய்துவிடலாம், மேலே ஏறுகிற துத்தநாகப் பூச்சு தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும் என்றேன். செயலாளர், “சார், பேப்பர்லயே போட்டிருக்கான்” என்றார். என் 31 வருடம் அதோடு முடிந்தது.

இரண்டாவது ஐப்பசி மழையில் ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழேயும் டீ டிகாக்ஷன் மாதிரி துரு வழிந்து, வெள்ளைச் சுவர் வரிக்குதிரை ஆகிவிட்டது. அந்தப் பெயிண்டில் கிராஃபீன் இருந்ததா, புகைக்கரி இருந்ததா என்பது விற்றவருக்கே தெரியாது. நிஜமாகவே இருந்திருந்தாலும் வம்புதான். கிராஃபீன் மின்சாரம் கடத்தும்; பூச்சில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் இரும்பு வழக்கத்தைவிட வேகமாக அரிக்கக்கூடும்.

சொல்ல ஆரம்பித்ததால் சொல்லிவிடுகிறேன். 2023இல் கொரியாவின் எல்கே-99 என்ற பொருள், சாதாரண வெப்பத்திலேயே மீகடத்தி, அதாவது தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் என்று முதல் பக்கத்தில் கொண்டாடினீர்கள். சில வாரங்களில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பலரும் செய்து பார்த்து இல்லை என்றார்கள். அந்தச் செய்தி பதினோராம் பக்கத்தில், இரங்கல் விளம்பரத்துக்குக் கீழே வந்தது. பொருத்தமான இடம்தான்.

கீழடிப் பானையின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய், அதாவது கண்ணுக்கே தெரியாத கார்பன் குழல், இருந்ததாக 2020இல் ஆய்வு வந்தது. எனக்கும் பெருமைதான். அதற்காக, ‘நானோ தொழில்நுட்பம் அறிந்த தமிழன்’ என்றா எழுதுவது? சூளையில் அது தானாக உருவாகியிருக்கும். குயவருக்குத் தெரிந்தது பூச்சு உதிராது என்பதுதான். அதுவே பெரிய விஷயம்.

2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்தபோது யார் கொடியசைத்தார், யார் வரவில்லை என்று ஒரு பக்கம் எழுதினீர்கள். அந்த உப்புக்காற்றைத் தாங்க உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, மேலே பாலிசிலாக்சேன் பூச்சு. நம் ஊர்ப் பொருள் அறிவியல் அங்கே கடலுக்கு நடுவில் நிற்கிறது. ஒரு வரி? கிடையாது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் துருவோடு மல்லுக்கட்டுகிறது. அங்கே ஒரு நிருபரை அனுப்பப் பேருந்துக் கட்டணம் வேண்டுமானால் நான் தருகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இனி இப்படிக் கட்டுரை வரும்போது, எவ்வளவு பெரிய துண்டில் சோதித்தார்கள் என்று அடியில் ஒரு வரி போடுங்கள். லேமினேட் செய்பவர்கள் அதையும் சேர்த்துச் செய்யட்டும்.

என் முந்தைய இரண்டு கடிதங்களையும் ‘இடம் கருதிச் சுருக்கினீர்கள்’. இதையும் வெட்டுவதானால் பியானோ கம்பியை வெட்டிக்கொள்ளுங்கள், பாம்பனில் கை வைக்காதீர்கள். பெயர் வேண்டாம், செயலாளரும் உங்கள் வாசகர்தான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பரிசோதனைக்கூட ஊழியர்,
திருவான்மியூர், சென்னை – 41