மேயர் ஈட்டனும் மீஞ்சூர்க் கிணறுகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியாளர் மேயரானால் ஊர் செழிக்கும் என்ற கருத்தில் தங்கள் இதழில் வந்த கட்டுரை, லாஸ் ஏஞ்சலஸ் மேயர் ஃபிரெட் ஈட்டனின் கதையை 1900-இல் அவர் பதவியை விட்டு இறங்கியதோடு முடித்துவிட்டது. வடசென்னைக்காரனான எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது.

1856-இல் லாஸ் ஏஞ்சலஸிலேயே பிறந்த ஈட்டன், இளம் வயதிலேயே அங்குள்ள குடிநீர் நிறுவனத்தின் கண்காணிப்பாளரானார். அவருக்குக் கீழே வாய்க்காலில் தூர் வாரும் ஆளாகச் சேர்ந்த வில்லியம் முல்ஹாலந்து, பின்னாளில் அவர் இடத்துக்கே வந்தார். 1904-இல் முல்ஹாலந்தைக் குதிரை வண்டியில் கலிஃபோர்னியாவின் கிழக்கே உள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போய், மலைப்பனி உருகி ஓடும் ஆற்றைக் காட்டியவர் முன்னாள் மேயரான ஈட்டன்தான். பம்பு ஒன்றுகூட இல்லாமல், மேட்டிலிருந்து சரிவிலேயே ஏறத்தாழ 375 கிலோமீட்டர் கடந்து லாஸ் ஏஞ்சலஸுக்குத் தண்ணீர் ஓடிவரும் என்ற அந்தக் கணக்கின் அழகை யாரும் மறுக்க முடியாது. நம் ரிப்பன் மாளிகை திறந்த அதே 1913-இல் கால்வாயும் திறக்கப்பட்டது.

ஆனால் நிலத்தையும் நீருரிமையையும் வாங்கப் போன ஈட்டன், யாருக்காக வாங்குகிறார் என்பதை உழவர்களிடம் சொல்லவில்லை. அரசின் பாசனத் திட்டத்துக்கென்றே பலர் நம்பினார்கள். அணை கட்டத் தோதான லாங் வேலி நிலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு அவர் பத்து லட்சம் டாலர் கேட்க, முல்ஹாலந்து மறுக்க, நட்பு முறிந்தது. திறப்பு விழாவுக்கும் ஈட்டன் வரவில்லை. 1920-களில், அந்த ஆறு போய்ச் சேரும் ஓவன்ஸ் ஏரி வற்றிப் புழுதிக்காடானது. கொதித்துப்போன பள்ளத்தாக்கு மக்கள் 1924-இல் கால்வாய்க்கு வெடி வைத்தார்கள்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூருக்கு அருகே என் பாட்டி ஊரில் இதே கதையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அரை நூற்றாண்டுக்கு முன் ஆலைகளுக்கும் நகரத்துக்குமாக அந்தப் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகளில் இறைக்கத் தொடங்கினார்கள்; இறைக்க இறைக்கக் கடல்நீர் நிலத்துக்குள் ஏறியது. பாட்டி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. உலை வைப்பதற்கென்றே அடுத்த ஊரிலிருந்து சைக்கிளில் இரண்டு குடம் கட்டி வருவோம். (2010-இல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் ஆலை வந்ததும் அதே பக்கத்தில், காட்டுப்பள்ளியில்தான்.)

ஈட்டனைப் பற்றி மறுபடி எழுதினால், அந்தப் பள்ளத்தாக்கு உழவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருவொற்றியூர், சென்னை.