பாம்பு மறுபடியும் ஊர்ந்தது: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். கடந்த தை மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, காரைக்குடியில் எங்கள் கம்ப்யூட்டர் சாரின் வீட்டு முன்கூடத்தில், 1994 முதல் 1998 வரை அவரிடம் படித்தவர்களில் இருபத்துமூன்று பேர் கூடி, அந்தக் காலத்தில் அவருக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஆடிய விளையாட்டுகளை அவர் முன்னிலையிலேயே மீண்டும் ஆடினோம். சாருக்கு எழுபது வயது நிறைவதையொட்டி நடந்த கூடுகை இது. சால்வை, கேடயம், மாலை எதுவும் கூடாது என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டதால் வேறு வழியின்றித் தோன்றிய யோசனை என்றும் வைத்துக்கொள்ளலாம். ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை என்று நினைத்துத் தொடங்கினோம். நான்கு மாதங்கள் பிடித்தன. அந்த நான்கு மாதங்களில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களில் சிலர் நேரில் பழக்கமானவர்கள், சிலர் நாங்கள் இருப்பதையே அறியாதவர்கள். எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு ஆடியவை நான்கு விளையாட்டுகள். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, டேஞ்சரஸ் டேவ், டிக்கர் ஆகிய மூன்றையும் அந்நாளில் கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான்காவதை எங்கள் சென்டருக்கு வெளியே ஒருவரும் கண்டிருக்க முடியாது. எங்களுடன் படித்த நண்பர் ஒருவர் 1996இல் டர்போ பாஸ்கல் என்னும் நிரலாக்க மென்பொருளில் எழுதிய பாம்பு விளையாட்டு அது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகளால் ஆன பாம்பு. அது ஒவ்வோர் அடி நகரும்போதும் கணினியின் ஸ்பீக்கர் 'டிக்' என்று ஒலிக்கும். சார் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நோட்டுத் திருத்துவார். அந்த டிக் டிக் ஓசையைக் கேட்டே, பாஸ்கல் பயிற்சி செய்வதாகச் சொன்னவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவார். மற்ற மூன்றும் கிடைக்காமல் போனாலும் பாதகமில்லை, பாம்பு இருந்தே ஆக வேண்டும் என்பதுதான் எங்கள் முடிவு.

பாம்பு இருந்தது சாரின் பீரோவில் கிடந்த ஐந்தேகால் அங்குல பிளாப்பி ஒன்றில். உறையின்மேல் 'தொடாதே' என்று அவர் கையெழுத்து. உள்ளே தட்டு முழுவதும் வெள்ளைப் பூஞ்சை. மூன்றரை அங்குல பிளாப்பிக்கு யுஎஸ்பி டிரைவ் எளிதில் கிடைக்கும். ஐந்தேகாலுக்குப் பழைய டிரைவையே தேடிப் பிடித்து, அதை இன்றைய கணினியோடு பேச வைக்க இடையில் ஒரு கருவியையும் பொருத்த வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பழைய உதிரி பாகங்கள் விற்கும் பெரியவர் ஒருவர், தம் கிடங்கில் அரை நாள் துழாவி எங்களுக்கு ஒரு டிரைவை எடுத்துக் கொடுத்தார். அது கூரியரில் வந்த வழியில் முன்பக்கம் நொறுங்கிப்போனது. அனுப்பிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லி இனி ஆவதொன்றுமில்லை. தகவலைச் சொன்னதும் அவர் இரண்டாவது டிரைவை, காசு வாங்க மறுத்து, தம் மகனிடமே பேருந்தில் கொடுத்தனுப்பினார். அந்தக் குடும்பத்துக்கு எங்கள் முதல் நன்றி.

இடையில் பொருத்தும் கருவியின் பெயர் கிரீஸ்வீசல். கெய்ர் ஃப்ரேசர் என்பவர் வடிவமைத்து, வரைபடத்தையும் மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிற சிறிய பலகை. தட்டில் இருக்கும் கோப்புகளை அது தேடுவதில்லை. காந்தப் புலம் எங்கெங்கே திசை மாறுகிறது என்பதை அப்படியே பதிவு செய்துகொள்கிறது, அதிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் வேலை பிறகு நடக்கிறது. கோயம்புத்தூரில் பொறியியல் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் பணிபுரியும் தம்பி தம்முடைய பலகையைக் கொண்டுவந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால், உறையில் உள்ள திறப்பின் வழியே தட்டை விரலகலம் விரலகலமாகத் திருப்பித் துடைத்தார். அவசரப்பட்டால் பூஞ்சையோடு காந்தப் பூச்சும் உரிந்து வந்துவிடும் என்று சொல்லி எங்களில் ஒருவரையும் தொட விடவில்லை. 360 கிலோபைட் பிளாப்பியில் பக்கத்துக்கு 40 தடங்கள். அவற்றில் இரண்டைத் தவிர மற்றவை எல்லாம் மீண்டன. அந்த இரண்டு தடங்களில்தான் நண்பர் எழுதிய வரிகளான பாஸ்கல் மூலநிரல் இருந்தது என்பது எங்கள் தலையெழுத்து. அதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றித் தொகுத்த இயங்கு கோப்பு மட்டும் முழுதாகக் கிடைத்தது. மூலநிரல் இருந்திருந்தால் நான்கு வரி திருத்திப் புதிய கணினிக்கு ஏற்றபடி தொகுத்திருப்போம், இந்த மடலும் பாதியில் முடிந்திருக்கும்.

இயங்கு கோப்பை என் லேப்டாப்பில் சொடுக்கியதும், இந்தக் கணினியில் இது இயங்காது என்று விண்டோஸ் கைவிரித்தது. செயலி 64 பிட் நிலையில் ஓடும்போது, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் நிரல்களுக்காக முன்பு வைத்திருந்த வெர்ச்சுவல் 8086 என்னும் வழி அதில் அடைபட்டுவிடுகிறது. ஆகவே விண்டோஸின்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. அடுத்து, பழைய மேசைக்கணினி ஒன்றை, டாஸுக்கு மாற்றான இலவச ஃப்ரீடாஸ் ஏற்றிய பென்டிரைவில் தொடங்கிப் பார்த்தோம். 'ரன்டைம் எர்ரர் 200, பூஜ்யத்தால் வகுத்தல்' என்று ஒரு வரி எழுதிவிட்டு பாம்பு படுத்துக்கொண்டது.

இந்தப் பிழையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். டர்போ பாஸ்கல் 7இல் திரையையும் விசைப்பலகையையும் கையாளும் யூனிட் என்னும் துணை நிரல் தொகுப்பு, நிரலின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே, கணினி எவ்வளவு வேகமானது என்று தனக்குள் ஓர் அளவு எடுத்துக்கொள்ளும். கணினிக் கடிகாரத்தின் ஒரு துடிப்பு ஏறத்தாழ 55 மில்லிவிநாடி. அதற்குள் ஒரு வெற்றுச் சுழற்சி எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, 55ஆல் வகுத்து, மில்லிவிநாடிக்கு இத்தனை என்று குறித்துக்கொள்ளும். விடை, பதினாறு பிட்டுக்குள் கொள்ளும் மிகப்பெரிய எண்ணான 65,535ஐத் தாண்டாது என்பது எழுதியவர்களின் நம்பிக்கை. 1992இல் அது தவறான நம்பிக்கையும் அன்று. 200 மெகாஹெர்ட்ஸ் அளவிலான செயலிகள் வந்ததும் விடை பதினாறு பிட்டுக்குள் கொள்ளாமல் வழிய, செயலி எழுப்பும் வகுத்தல் பிழையைத் திரை பூஜ்யத்தின் தலையில் கட்டிவிடுகிறது. யாரும் பூஜ்யத்தால் வகுக்கவில்லை. கணினி எதிர்பார்த்ததைவிட வேகமாகிவிட்டது, அவ்வளவே. இதைச் சரிசெய்யும் ஒட்டுநிரல்கள் உண்டு. ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். பாம்பு எழுந்தது, எழுந்த கணத்திலேயே சுவரில் மோதிச் செத்தது. நண்பர் பாம்பின் நடையைக் கட்டுப்படுத்த சும்மா எண்ணி நேரத்தைக் கடத்தும் ஒரு வெற்று ஃபார் சுழற்சியை நம்பியிருந்திருக்கிறார். சாரின் 386 ரகப் பழைய கணினிக்கு அது சுமை, இன்றைய செயலிக்குக் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை.

அப்போதுதான் டாஸ்பாக்ஸின் அருமை எங்களுக்கு முழுதாகப் புரிந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் வீன்ஸ்ட்ரா, ஷூர்ட் வான் டெர் பெர்க் இருவரும் தொடங்கி 2002இல் வெளியிட்டு, பலர் கைகோத்து இலவசமாகவே வளர்த்துவரும் மென்பொருள் அது. பழைய செயலி, திரை அட்டை, ஒலி அட்டை, ஸ்பீக்கர் என்று ஒரு முழு டாஸ் கணினியையே மென்பொருளுக்குள் கட்டி எழுப்புகிறார்கள். பழைய நிரலை ஓட வைத்ததற்கு மட்டுமாக இந்த நன்றியைச் சொல்லவில்லை. வேகமாக ஓடக்கூடிய ஒன்றை வேண்டுமென்றே மெதுவாக ஓட வைக்கவும், எவ்வளவு மெதுவாக என்பதை ஆடுபவரே முடிவு செய்யவும் ஒரு திருகாணி வைத்துக் கொடுத்தார்களே, அதற்காகச் சொல்கிறேன்.

அந்தத் திருகாணியைத் திருகியது சாரின் காது. டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறிக்கும் 'சுழற்சி' என்ற கணக்கில் 3,000 சுழற்சிகளில் தொடங்கினோம். கன்ட்ரோலுடன் எஃப்12ஐ அழுத்தும் ஒவ்வொரு முறையும் பத்து சதவீதம் கூடும். சார் வழக்கம்போல நாற்காலியைத் திருப்பிப் போட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். டிக்... டிக்... டிக். "இது அந்த 286 மிஷின். ஏத்து," என்றார். ஏற்றினோம். "இன்னும்." நான்காவது முறையில் தலையை லேசாகச் சாய்த்தார். ஏழாவது அழுத்தலில், 5,800 சுழற்சிகளைச் சற்றுத் தாண்டிய இடத்தில், கையை உயர்த்தி, "அந்த ஜன்னலோர மிஷின். எவன்டா பாம்பு ஆடுறது?" என்றார். மஸ்கட்டிலிருந்து வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்த, பாம்பை எழுதிய நண்பர், "நான் இல்லை சார்," என்று முப்பது வருடப் பழக்கத்தில் உடனே பொய் சொன்னார். சற்று நேரத்தில், ஆட்டம் முடிந்ததை அறிவிக்கும் ஆங்கில வரியில் தாம் அன்று விட்ட எழுத்துப்பிழை திரையில் பெரிதாக வந்ததைப் பார்த்து அவரே முகத்தை மூடிக்கொண்டார்.

திரையின் விஷயத்தில் நாங்கள் கவனிக்காத ஒன்றைக் கவனித்தவர் சாரின் துணைவியார். முந்தைய நாள் ஒத்திகையில் லேப்டாப் திரையில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவைப் பார்த்து, "இந்த இளவரசன் இவ்வளவு குண்டாகவா இருந்தான்?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. 320க்கு 200 புள்ளிகள் கொண்ட படம் அந்நாளில் நான்குக்கு மூன்று என்ற விகிதத் திரையை முழுவதும் நிரப்பியது. ஆகவே ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரத்தில் 1.2 மடங்காக இருந்தது. இன்றைய திரையில் புள்ளிகள் சதுரமாகிவிட, இளவரசன் உயரம் குறைந்து ஊதிப்போகிறான். டாஸ்பாக்ஸ் அமைப்புக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் அதைக் கேள்விப்பட்ட செக்காலை ஜெராக்ஸ் கடை அண்ணன், மாடிப்படிக்கு அடியில் சாக்கு சுற்றி வைத்திருந்த பதினான்கு அங்குல மானிட்டரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதன் வளைந்த கண்ணாடிக்குள் இளவரசன் ஓடியதைப் பார்த்த பிறகு எவருக்கும் லேப்டாப் பக்கம் திரும்ப மனம் வரவில்லை.

இளவரசனைப் படைத்த ஜோர்டன் மெக்னருக்கு எழுதும்போது சற்றுக் கூச்சமாக இருக்கிறது. தம் சொந்தத் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம் பிடித்து, சட்டம் சட்டமாகப் பார்த்து அவர் வரைந்த அந்த ஓட்டத்துக்கு நாங்கள் ஒருவரும் ஒரு காசு கொடுத்ததில்லை. பிரதிக்குப் பிரதி எடுத்த பிளாப்பிதான். 1989இல் ஆப்பிள் இரண்டில் அவர் எழுதிய மூலநிரல் பல்லாண்டுகள் காணாமல் கிடந்து, 2012இல் அவருடைய தந்தை ஒரு பெட்டியில் பழைய பிளாப்பிகளைக் கண்டெடுக்க, இணையக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவின் ஜேசன் ஸ்காட் உள்ளிட்டோரின் உதவியோடு மீட்கப்பட்டதைப் படித்தபோது, சாரின் பீரோ எங்களுக்கு நினைவுக்கு வந்தது. மெக்னரின் அந்நாளைய நாட்குறிப்புகள் நூலாக வந்திருக்கின்றன. பழைய கடனில் ஒரு பங்காக, அதில் ஒரு பிரதியை விலைக்கு வாங்கி சாருக்குக் கொடுத்தோம். வர இயலாத வெளிநாட்டு நண்பர்களுக்கு அன்று மாலை கைகொடுத்ததும் இன்டர்நெட் ஆர்க்கைவ்தான். 2015இல் ஏறத்தாழ 2,400 டாஸ் விளையாட்டுகளை உலாவியிலேயே ஆடும்படி திறந்துவிட்டவர்கள் அவர்கள். டிக்கரின் இயந்திர நிரலைப் பிரித்துப் படித்து, 1998இல் புதிய கணினிகளுக்காக மீட்டெழுதிய ஆண்ட்ரூ ஜென்னருக்கும், டேவை எழுதிய ஜான் ரொமேரோவுக்கும் எங்கள் வணக்கம். டேவில் ஒருவரும் அன்று கடைசிக் கட்டத்தைத் தொடவில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இருபத்துமூன்று பேருக்கும் பணியாரமும் காரச் சட்னியும் செய்து போட்ட அம்மாவுக்கும், மின்சாரம் போனபோது தன் கடை இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

மானிட்டரை வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் ஒப்படைக்கிறோம். டிரைவ் கோயம்புத்தூர்த் தம்பியிடமே இருக்கும். தங்கள் வீட்டில் ஐந்தேகால் அங்குல பிளாப்பி வைத்திருக்கும் முன்னாள் மாணவர்கள், அதைத் துடைக்க முயலாமல் என்னிடம் சேர்த்துவிட்டால் போதும். பாம்பின் பிரதியை வேண்டுவோருக்குக் கொடுக்க அதை எழுதிய நண்பர் சம்மதித்துவிட்டார். எழுத்துப்பிழையைத் திருத்தித் தரச் சொன்னார்; சார் கூடாது என்றுவிட்டார்.

நன்றியுடன்,
முன்னாள் மாணவர்கள் சார்பில்,
ஜன்னலோர மிஷினில் உட்கார்ந்தவன்
காரைக்குடி