பாப்பாவுக்கு, ஒப்புகைச் சீட்டு பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. போனில் டைப் செய்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரியும், அதனால் தம்பியின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பெரியம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மொட்டைமாடிக் குழாயைச் சரி பண்ணியாயிற்று. அங்கே அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்களாம், இனிமேல் நமக்கும் உனக்கும் நாலரை மணி வித்தியாசம் என்று தம்பி சொன்னான். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும் நேரம் அதனால்தான் தவறிப்போகிறது என்று முதல் வாரம் நினைத்துக்கொண்டேன். இது மூன்றாவது ஞாயிறு. சரி, வேலை இருக்கும்.

முதலில் இதைச் சொல். வீட்டு முகவரியை அங்கே நகராட்சியில் பதிந்தாயா? குடிபோன இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும், அவர் ஊரில் இல்லை என்று நீதான் சொன்னாய். நீ போய் ஒன்றரை மாசம் ஆகிறது. அவர் வரட்டும் என்று சும்மா இருக்காதே, நேரில் போய் நிலைமையைச் சொல், எழுத்தில் கொடு, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கு. மெயிலில் அனுப்பினால் அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து வை. எல்லாத் தாளும் இரண்டு நகல், ஒன்று கைப்பையில், ஒன்று வீட்டில். இதை நீ கிளம்பும்போதும் சொன்னேன், ஏர்போர்ட்டிலும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்.

ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் உன்னைப் பற்றித்தான் பேச்சு. ஜெர்மனியில் ரைன் கரையில் ஷ்பையர் என்று ஒரு சின்ன ஊர், அங்கே அரசு நிர்வாகத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகம், நமக்குச் சுதந்திரம் வந்த அதே 1947-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பித்தது, போரில் தோற்ற நாட்டுக்குப் புதிதாக அதிகாரிகளைப் பழக்க வேண்டும் என்று, அங்கே என் மகள் ஆராய்ச்சி செய்கிறாள் என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன். தாசில்தாராக ரிட்டயர் ஆனவரெல்லாம் வாயடைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ராஜாக்களைப் புதைத்திருக்கும் அந்தப் பெரிய கோயில் படத்தையும் போனில் காட்டினேன். எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. ஆனால் சின்ன அத்தை வீட்டு வளைகாப்புக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆராய்ச்சிக்குப் போனால் மனுஷர்களை விட்டுவிட வேண்டும் என்று இல்லை. வேறு எதுவும் கேட்கவில்லை, அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடையெல்லாம் மூடிவிடுவார்கள் என்றாயே, சனிக்கிழமையே அரிசி, பால் வாங்கி வைத்துக்கொள். அந்த வீட்டுக்காரர் தாளையும் வாங்கிவிடு.

பாப்பா, நீ ஃபெலோஷிப்புக்கு அனுப்பிய கட்டுரையைத் தம்பி எனக்குத் தமிழில் படித்துக் காட்டினான். உனக்குத் தெரியாமல் படிக்கச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. முதல் பாராவே நான்தான். 1996-ல் அப்பா போனபோது உனக்கு நாலு வயது. கருணை அடிப்படையில் வேலை கேட்டு நான் அலைந்த மூன்று வருஷத்தை எழுதியிருக்கிறாய். வாரிசுச் சான்று, வருமானச் சான்று, மறுமணம் செய்துகொள்ளவில்லை என்பதற்கு ஒரு சான்று. அந்த மூன்றாவதற்காக வி.ஏ.ஓ. நம் தெருவில் வீடு வீடாக விசாரித்ததையும், அப்போது நீ என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் எழுதியிருக்கிறாய். அவ்வளவு சின்ன வயதில் நடந்தது எப்படி ஞாபகம் இருந்தது என்று அழுதேன். அப்பாயி ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட எட்டு மாசம் இழுத்ததை நீ எழுதவில்லை. அது நல்லது.

ஆனால் பாராவின் கடைசியில் ஒன்று எழுதியிருக்கிறாய். 1999-ல் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என் அம்மா யாரையும் அலையவிட்டதில்லை என்று. தம்பி அதைப் படித்தபோது நான் எழுந்து அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் போனில் நீ கேட்டாயே, ஜனவரியில் ஃபீல்டு வேலைக்கு வரும்போது நம் தாலுகாவில் முதியோர் உதவித்தொகை மனுக்களைப் பார்க்கணும், வாங்காமலே திருப்பி அனுப்பின மனுவெல்லாம் எங்கேம்மா இருக்கும் என்று. எனக்கு ஞாபகம் இல்லை, குக்கர் சத்தம் போடுகிறது என்று வைத்துவிட்டேன். குக்கர் வைக்கவே இல்லை. அதற்கப்புறம்தான் நீ கூப்பிடவில்லை.

2012-ல் நான் தாலுகா ஆபீஸில் அந்த உதவித்தொகை செக்‌ஷனில் இருந்தேன், நீ கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாய். முந்தின வருஷம் உதவித்தொகையை ஆயிரம் ரூபாயாக உயர்த்தியிருந்தார்கள், மனு குவிந்துகொண்டிருந்தது. திங்கள்கிழமை மனுநாள் முடிந்தால் நிலுவை எத்தனை என்று கேட்பார்கள். மனுவை வாங்கி எண் போட்டுத் தன்பதிவேட்டில் ஏற்றினால் அது என் பேரில் நிலுவை. ஏற்றாமல், இந்தத் தாள் இல்லை, அந்தத் தாள் கொண்டுவா என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டால் நிலுவையே இல்லை. கூட்டத்தில் என் செக்‌ஷனைத்தான் நல்லபடியாகச் சொல்வார்கள்.

ஒரு கிழவி வந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர். மஞ்சள்பை, அதற்குள் பாலிதீன் கவரில் சுற்றிய ரேஷன் கார்டு. வேப்பமரத்தடியில் காசு கொடுத்து எழுதி வாங்கிய மனு. அதில் கைநாட்டு இரண்டு தடவை விழுந்திருந்தது, முதல் தடவை மை பிடிக்கவில்லை போல, அதன் மேலேயே மறுபடி அழுத்தியிருந்தாள். திருப்பூரில் ஒரு மகன் இருக்கிறான் என்று வி.ஏ.ஓ. எழுதியிருந்தார். மகன் இருந்தால் ஆதரவற்றவர் இல்லை என்று அப்போது பார்ப்போம். அவன் பார்ப்பதில்லை என்று அவள் சொன்னாள். ரெவின்யூ இன்ஸ்பெக்டரை விட்டு விசாரிக்கச் சொல்லி நான் ஒரு நோட் போட்டிருந்தால் போதும். நான் கேட்டது என்ன தெரியுமா, தாயைப் பராமரிக்கவில்லை என்று மகனிடமே எழுதி வாங்கி வா என்றேன். அப்படி ஒரு தாளை எந்த விதியும் கேட்கவில்லை. ஆடிட்டில் கேள்வி வந்தால் காட்ட என் கையில் ஒன்று இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது. அப்பாயி கையெழுத்துக்காக எட்டு மாசம் வாசலில் நின்ற அதே நான்.

நாலாவது தடவை வந்தபோது சொன்னாள், "எழுதிக் குடுக்குறவனா இருந்தா சோறு போடமாட்டானா தாயி?" எனக்கு அது தெரியாது, ரூல்ஸ் அப்படி என்றேன். ஐந்தாவது தடவை மத்தியானம் வந்தாள். சாப்பாட்டு அறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். மூன்றேகால் பஸ்ஸை விட்டால் அவள் ஊருக்கு ராத்திரிதான் அடுத்தது என்று எனக்குத் தெரியும். டிபன் பாக்ஸைக் கழுவி, துடைத்து, மறுபடியும் கழுவி, அவள் எழுந்து போகும்வரை உள்ளேயே இருந்தேன். அப்புறம் அவள் வரவில்லை. செத்துப்போனாளா, மகன் கூட்டிக்கொண்டு போனானா, நான் விசாரிக்கவே இல்லை. அவள் ஒருத்திதான் என்று நினைக்காதே, முகம் ஞாபகம் இருப்பது அவளுடையது.

ஷ்பையர் போன புதிதில் நீ ஒரு பழைய லத்தீன் வாசகம் சொன்னாய், கோப்பில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஜனவரியில் வந்து நீ 2012 பதிவேட்டைத் தாள் தாளாகப் புரட்டினாலும் அவள் அதில் இருக்க மாட்டாள். உன் கணக்கில், வந்த மனு இவ்வளவு, ஏற்றது இவ்வளவு, தள்ளியது இவ்வளவு என்று எல்லாம் சரியாக வரும், அவளை மாதிரி ஆட்கள் மட்டும் வரமாட்டார்கள். அதனால் பதிவேட்டை மட்டும் நம்பாதே. அந்த செக்‌ஷனில் இருந்தவர்களைக் கேள், முதலில் என்னைக் கேள், இந்தத் தடவை வைக்க மாட்டேன். அந்தப் பாராவின் கடைசி வரியையும் எடுத்துவிடு. ஏற்கெனவே அனுப்பியாயிற்று என்றால் இனிமேல் எழுதுவதிலாவது எடுத்துவிடு.

மனு என்னிடம்தான் இருக்கிறது. கடைசித் தடவை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள், டிராயருக்குள் போட்டேன். 2021-ல் ரிட்டயர் ஆனபோது மேசையைக் காலி செய்கையில் அடியில் கிடந்தது. கிழிக்க மனசு வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எண் கிடையாது, தேதி முத்திரை கிடையாது. பீரோவில் அப்பாவுடைய இறப்புச் சான்று இருக்கும் பழுப்புக் கவரில் வைத்திருக்கிறேன், சாவி எங்கே என்று உனக்குத் தெரியும்.

திட்டுவதானாலும் போன் பண்ணித் திட்டு. ராத்திரி பதினொன்று வரை முழித்திருப்பேன், உனக்கு அப்போது ஆறரை. குளிருக்குக் காதை மூடிக்கொள். அந்தப் பதிவுச் சீட்டு கைக்கு வந்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மா