எந்தப் பரம்பரை, ஐயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்கள் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, போவிஸ் கோட்டையின் கிளைவ் வம்சத்தைப் "பரம்பரைச் செல்வத்தால் கீழை நாட்டுக் கலைப்பொருள்களைக் காத்த குடும்பம்" என்று புகழ்ந்திருந்தது. முப்பத்தோராண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, அந்த ஒரு வரி நான்கு நாள்களாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

எந்தப் பரம்பரை என்பது தாங்கள் அறியாததல்ல. 1744-இல் சென்னையில் வந்திறங்கிய ராபர்ட் கிளைவ், கிழக்கிந்தியக் கம்பெனியின் கடைநிலை எழுத்தர். பிளாசிப் போருக்குப் பின், தாம் வங்காள நவாபாக்கிய மீர் ஜாபரிடம் அவர் பெற்றது 2,34,000 பவுண்டு. அது போதாதென்று ஆண்டுக்கு 27,000 பவுண்டு நிலவருவாய் தரும் ஜாகீர் வேறு. இவ்வளவும் கைக்கு வந்த பிறகு, 1762-இல்தான் பிரபுப் பட்டம் கிடைத்தது. அதுவும் அயர்லாந்துப் பட்டம். அவருடைய மகன் எட்வர்ட், கடனில் தத்தளித்த போவிஸ் பிரபுக் குடும்பத்துப் பெண் ஹென்றியட்டாவை 1784-இல் மணந்தார்; பழைய குடும்பத்தைக் கரையேற்றியது வங்காளத்துப் பணம். மைத்துனர் 1801-இல் வாரிசின்றி இறந்ததால் அற்றுப்போன போவிஸ் பட்டம், 1804-இல் எட்வர்டுக்கே புதிதாக வழங்கப்பட்டது.

அந்த எட்வர்ட்தான் 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநர். கயத்தாற்றில் கட்டபொம்மனும் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டது அவர் ஆட்சியில்தான். தங்கள் இதழின் படக்குறிப்போ, "பிளாசியை வென்ற கிளைவ் 1799-இல் சென்னை ஆளுநராக இருந்தபோது" என்கிறது. 1774-இலேயே இறந்துபோனவரை ஆளுநர் நாற்காலியில் அமர்த்திய பெருமை தங்கள் இதழுக்கே உரியது.

மகளைப் பார்க்க இங்கிலாந்து சென்றிருந்தபோது, வேல்ஸில் உள்ள அந்தக் கோட்டைக்கும் போயிருந்தேன். திப்புவின் கூடாரத் துணியின் முன்பு வெகுநேரம் நின்றேன். வெள்ளைப் பருத்தியில் சாடிகளும் பூக்களுமாக எழுதிய சித்திரச்சீலை அது. சாயம் இன்னும் அவ்வளவாக மங்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கிளைவ் வீட்டுக்குப் போன அந்தக் கூடாரத்தைப் பிற்காலத்தில் தோட்ட விருந்துகளுக்கு நிழற்பந்தலாகப் போட்டார்களாம். கட்டுரையாளர் சொல்லும் பாதுகாப்பு இதுதான் போலும்.

இது முதல் முறையும் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் தாங்கள் வெளியிட்ட வெலிங்டன் பிரபு பற்றிய கட்டுரையில், வாட்டர்லூவுக்கு இரண்டு பக்கம் கிடைத்தது. அவர் படைநடத்தக் கற்றுக்கொண்ட தக்காணத்துக்கு ஒரு வரிகூட இல்லை. பிட் குடும்பத்தைப் பற்றி எழுதியபோதும் இரண்டு பிரதமர்களைச் சொன்னீர்கள். சென்னை ஆளுநராக இருந்து வைரம் வாங்கி, 1717-இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்று அந்தக் குடும்பத்தை உயர்த்திய தாமஸ் பிட்டை மறந்துவிட்டீர்கள். இரண்டு முறையும் கடிதம் எழுதினேன். தங்கள் அலுவலகத்துக் குப்பைக்கூடை அவற்றைப் படித்திருக்கும்.

கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு கேட்கவில்லை. அடுத்த இதழில், ஏதாவது ஒரு மூலையில், அந்தப் படக்குறிப்பில் தந்தையின் பெயருக்குப் பதிலாக மகனின் பெயர் இருந்திருக்க வேண்டும் என்று இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். பதில் எழுத வசதியாக, தபால்தலை ஒட்டிய உறை ஒன்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்