அந்த '2+' என்னவென்று சொல்லிவிடுங்கள், டாக்டர்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் மார்பகப் புற்றுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கும், பயாப்ஸி ரிப்போர்ட் எழுதித் தருபவர்களுக்கும் வணக்கம்.

என் தங்கைக்கு 36 வயது. மார்பில் கட்டி என்று போனபோது, "இந்த வயசுல பால் கட்டியாத்தான் இருக்கும்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நான்கு மாதம் போயிற்று. சரி, அதைக்கூட விட்டுவிடுகிறேன். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஹெர்-2: 2+' என்று ஒரு வரி இருந்தது. கீமோ தொடங்கியும் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ப்ளஸ் என்றால் பாசிட்டிவா என்று நாங்களாகக் கேட்டதற்கு, "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள்.

ஹெர்-2 எல்லார் உடம்பிலும் உள்ள மரபணுதான். 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சிலரின் கட்டியில் அதன் நகல்கள் பெருகி, செல்லின் மேல் அது உண்டாக்கும் புரதம் அளவுமீறிக் குவிந்துவிடுகிறது. பெருகு, பெருகு என்று செல்லுக்கு ஓயாத விரட்டல். மார்பகப் புற்று வந்தவர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு இந்த வகை. இளம் வயதில் வருகிற புற்றில் சற்றுக் கூடுதல். இந்த நகல் பெருக்கம் இருந்தால் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் டென்னிஸ் ஸ்லாமன் குழு 1987இலேயே காட்டிவிட்டது. கல்லீரல், மூளை வரை பரவக்கூடிய வகை இது. ஆனால் இதற்கென்றே டிராஸ்டுசுமாப் ஊசி 1998இல் வந்துவிட்டது. இந்தியாவிலும் தயாராகிறது.

கட்டியில் அந்தப் புரதம் எவ்வளவு என்று பார்த்து, ரிப்போர்ட்டில் 0 முதல் 3+ வரை குறிக்கிறார்கள். 0, 1+ வந்தால் அந்த ஊசி கிடையாது. 3+ என்றால் உண்டு. 2+ இரண்டுங்கெட்டான். ஃபிஷ் சோதனையில் மரபணு நகல்களை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். (ஃபிஷ் என்றதும் முதுநகர்க்காரியான என் அம்மா, "மீனு ஆகாதாமா?" என்று ஒரு வாரம் மீனே வாங்கவில்லை.)

இதையெல்லாம் வேறொரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். பயாப்ஸியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கை லேபில் கெஞ்சி வாங்கி, ஃபிஷ் சோதனைக்கு அனுப்பினோம். பாசிட்டிவ். இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, ஒரு வருடக் கணக்கு. நடுநடுவே இதயத்துக்கு எக்கோ.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. 2+ வந்தால் ரிப்போர்ட்டின் அடியில் 'ஃபிஷ் சோதனை செய்ய வேண்டும்' என்று தமிழில் எழுதுங்கள். பிளாக்கைக் கேட்டு வாங்கலாம் என்பதையும் சொல்லுங்கள். பண்ருட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு அந்தத் தாள் மட்டும்தான் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் அக்கா,
திருப்பாதிரிப்புலியூர்